நீர்மேல் எழுத்து

அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளை நாம் யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. அவை சட்ட வல்லுநர்க்கும் தூதர்க்கும் உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் ஒரு கதையைப் படிக்கும்போது நாம் எழுப்பும் எளிய வினாக்களை அவற்றிடமும் எழுப்பலாம். இங்கே பேசுபவர் யார்? யாரைப் பற்றிப் பேசுகிறார்? யாருடைய குரல் இதில் ஒலிக்கவே இல்லை? இராமேசுவரக் கடற்கரையில் வாழும் நம் மக்களின் தலைவிதியை எழுதிய ஓர் ஆவணத்தை இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1974ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும், 28ஆம் நாள் புதுதில்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட அவ்வுடன்படிக்கை மிகச் சிறியது. எட்டே பிரிவுகள். பாக் நீரிணையில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு அது ஒரு கோட்டை வரைகிறது. கோட்டின் இப்புறம் இந்தியாவுக்கு, அப்புறம் இலங்கைக்கு என்கிறது. 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவை இன்னாருக்குக் கொடுக்கிறோம் என்று அது வெளிப்படையாகச் சொல்வதில்லை. கோடு தீவுக்கு மேற்கே செல்கிறது. அதனால் தீவு அப்பக்கம் போய்விடுகிறது. இராமநாதபுரம் சமீன்தாரின் உடைமையாகப் பல தலைமுறைகள் கருதப்பட்டு வந்த நிலம் அதன் பெயர்கூடச் சொல்லப்படாமல் கைமாறியது.

தீவின் பெயர் வருவது ஐந்தாம் பிரிவில்தான். இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே அங்குச் சென்று வரலாம், அதற்குப் பயண ஆவணம் தேவையில்லை என்பது அப்பிரிவின் கருத்து. இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் நீர்ப்பரப்பில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்கிறது ஆறாம் பிரிவு. கேட்க இனிமையான சொற்களே. ஆனால் 'முன்போல' என்றால் எதைப்போல? 'மரபான உரிமை' என்பதில் வலை வீசுவது அடங்குமா, அடங்காதா? கோட்டை வரையும்போது பாகைக்கும் கலைக்கும் கணக்குப் பார்த்த பேனா, ஏழையின் பிழைப்பைச் சொல்ல வந்தபோது மட்டும் கணக்கை மறந்துவிட்டது. நிலத்தைத் துல்லியமாக எழுதி மனிதரை மங்கலாக எழுதியதே இவ்வாவணத்தின் முதற்குறை.

அம்மங்கல் இரண்டாண்டுகூட நீடிக்கவில்லை. 1976 சனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டது. நாடெங்கும் நெருக்கடி நிலை. அவ்வாண்டு மார்ச்சு 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்த மற்றோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதையொட்டி இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் நீர்ப்பரப்பில் மற்றவர் அனுமதியின்றி மீன் பிடிக்கலாகாது என்று முடித்துவிட்டன. இந்தியா எதுவுமே பெறவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ச் மேடு அப்போது நமக்குக் கிடைத்தது. ஆனால் அங்கே பெற்றதும் இங்கே இழந்ததும் ஒரே மனிதர் அல்லர். தங்கச்சிமடத்து மீனவர் இழந்ததற்குக் குமரிக்கடல் எப்படி ஈடாகும்?

மக்களைக் கேளாமலே மக்களைப் பற்றி முடிவெடுப்பது இவ்விரு அரசுகளுக்கும் புதிதன்று. 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் மலையகத் தமிழர் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டனர். மூட்டை முடிச்சுகளோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அவர்களில் பலரை மண்டபம் முகாம் ஏற்றது. 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தோரையும் அதே முகாமே ஏற்றது. தில்லியும் கொழும்பும் எழுதிய வாக்கியங்களின் பொருளை இக்கரை ஒவ்வொரு முறையும் தன் மணலில்தான் படித்தது.

1974 உடன்படிக்கைக்கு நாடாளுமன்றத்தின் முன் இசைவு கோரப்படவில்லை. கையெழுத்தான பின், சூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் அதனை அவையில் வைத்து, மீன்பிடிப்பும் திருப்பயணமும் காக்கப்பட்டுள்ளன என்று உறுதி கூறினார். தமிழகச் சட்டமன்றம் ஆகத்தில் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றியது. 1991இலும் 2025இலும் தீவை மீட்கத் தீர்மானங்கள் நிறைவேறின. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2014இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர், தீவை மீட்க வேண்டுமானால் போருக்குத்தான் செல்ல வேண்டும் என்று அங்கே கூறினார். தேர்தல் நெருங்கினால் தீவு நினைவுக்கு வருகிறது; முடிந்ததும் கடலுக்குள் மூழ்கிவிடுகிறது. மீனவர் சிறைப்படும்போதெல்லாம் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதுவதும், அது செய்தித்தாளில் வருவதும் வழக்கமான ஓர் இலக்கிய வகையாகவே ஆகிவிட்டன. அவ்வகையில் விளி உண்டு, வருத்தம் உண்டு, வேண்டுகோள் உண்டு. பொறுப்பேற்பு மட்டும் இல்லை.

2017 மார்ச்சு 6 அன்று தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைக் கடற்படை தான் சுடவில்லை என்றது. அப்படியானால் சுட்டவர் யார்? இவ்வினாவுக்கு விடைபெற்றுத் தரும் கடமை ஓர் அரசுக்கு இல்லையா? தன் குடிமகனின் உயிருக்குக் கணக்குக் கேளாத வெளியுறவுக் கொள்கை, எவ்வளவு நுட்பமானதாயினும், யாருக்காக?

இவ்வளவும் சொன்ன பின் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சினம் நேர்மையாக இருந்தால்தான் அதற்கு வலிமை உண்டு. போர்க்காலத்தில் வடஇலங்கை மீனவர் கடலில் இறங்கப் படையினர் தடைவிதித்தனர். ஆளில்லாத அந்நீர்ப்பரப்பில் நம் விசைப்படகுகள் மீன் பிடித்தன. 2009இல் போர் ஓய்ந்து, உறவுகளை இழந்து, கடன்பட்டு வலை வாங்கிக் கடலுக்குத் திரும்பியவர்களின் வலைகளை நம் இழுவை மடிகள் அறுத்தன. கடலடியைச் சுரண்டும் இம்முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. நம் படகுகளால் வலை இழப்பவர் கொழும்பு அமைச்சர் அல்லர். நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே செபமாலை சொல்லும் யாழ்ப்பாணத்து மீனவர். ஆனால் இழுவைப் படகுகளை மானியம் கொடுத்து ஊக்குவித்ததும் நம் அரசுகளே என்பதை மறக்கலாகாது. மாற்றாக 2017இல் வந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் மூன்றாண்டில் 2,000 படகுகளை மாற்றுவதாகச் சொன்னது. இலக்கை நெருங்கவும் இல்லை. கடன் சுமை, பழக்கமில்லாத தொழில் முறை ஆகியவற்றைத் திட்டமிட்டவர்கள் மீனவரோடு அமர்ந்து எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. இங்கும் அதே குறை: எழுதியவர் வேறு, வாழ்பவர் வேறு.

கச்சத்தீவு மீண்டால் நம் துயர் தீரும் என்று மேடைகள் சொல்கின்றன. தீவு நாளையே திரும்பினாலும் அதைச் சுற்றி மீன் பெருகிவிடாது. எதிர்க்கரையின் பசியும் ஆறிவிடாது. 2014இல் சனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும் இரு கரை மீனவரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். இழுவை மடியை உடனே நிறுத்துங்கள் என்றனர் அவர்கள்; கால அவகாசம் தாருங்கள் என்றனர் இவர்கள். முடிவு எட்டவில்லை. எனினும் அரசுகளின் ஆவணங்களில் இல்லாத ஒன்று அப்பேச்சில் இருந்தது: பாதிக்கப்பட்டவர் தாமே பேசினார்.

ஆண்டுதோறும் தவக்காலத்தில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரை இறைமக்களும் கூடுகின்றனர். யாழ்ப்பாண மறைமாவட்டத்தார் அதனை நடத்த, இராமேசுவரத்திலிருந்து நம் மக்கள் படகேறுகின்றனர். முன்போலச் சென்று வரலாம் என்ற ஐந்தாம் பிரிவில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ இவ்விழா ஒன்றே. அதுவும் பதிவும் சோதனையும் கடந்துதான். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருபவர் என்று அந்தோணியாரை நாடுகிறோம். ஆனால் அரசு தொலைத்த கடமையைக் கண்டெடுப்பது குடிமக்களாகிய நம் வேலை. அதைப் புனிதர்மேல் சுமத்துவது பக்தியாகாது.

ஆகவே வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டியவை மிகத் தெளிவானவை. கடலில் நிகழ்ந்த ஒவ்வொரு சாவுக்கும் விசாரணை அறிக்கை எங்கே? இழுவை மடியைக் கைவிடும் குடும்பத்துக்கு, அது கடனில் மூழ்காத வகையில், மாற்றுத் தொழில் எது? அடுத்த பேச்சுவார்த்தையில் இரு கரை மீனவருக்கும் இருக்கை உண்டா? நீர்மேல் எழுத்து நில்லாது என்பர். பாக் நீரிணையில் எழுதிய கோடு ஐம்பதாண்டுக்கு மேலாக நிற்கிறது. அதன் அருகே எழுதிய வாக்குறுதிதான் அழிந்தது. அதனைத் திரும்ப எழுதும்போது பேனா மீனவர் கையிலும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது, கடற்கரைப் பங்குகளின் கடமை மட்டுமன்று. உள்நாட்டில் மீன் வாங்கி உண்ணும் நம் எல்லாருடைய கடமையுமாகும்.