மூன்று பெயர்களும் ஒரு காவல் நிலையமும்

புனைபெயர் என்றதுமே எழுத்தாளன் ஒளிந்துகொள்கிறான் என்று எடுத்துக்கொள்கிறோம். அவனை ஒளித்துவைப்பது யார் என்று கேட்பதில்லை. எட் மக்பெய்ன் என்ற பெயரில் 87ஆம் காவல் சரக நாவல்களை எழுதியவரை வாசிக்கும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக முடியாது.

1926இல் நியூயார்க்கில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த சால்வதோரே லொம்பினோ, 1952இல் சட்டப்படி இவான் ஹண்டர் ஆனார். இத்தாலியப் பெயரைவிட இது விலைபோகும் என்பது பதிப்புச் சந்தை கற்றுக்கொடுத்த பாடம். 1954இல் வந்த 'தி பிளாக்போர்டு ஜங்கிள்' ஹண்டருக்குப் புகழ் தந்தது. 1956இல் 'காப் ஹேட்டர்' வந்தபோது, துப்பறியும் கதை அந்தப் புகழைக் கெடுக்கும் என்ற பயத்தில் மக்பெய்ன் பிறந்தார். ஹண்டருக்கு இலக்கியம், மக்பெய்னுக்குப் பிழைப்பு. இதுபோக ரிச்சர்ட் மார்ஸ்டன், ஹண்ட் காலின்ஸ், கர்ட் கேனன் என்று வேறு பெயர்களும் உண்டு.

ஆசிரியனின் பெயர் எழுத்துகளை வகைபிரிக்கும் வேலையைச் செய்கிறது என்று ஃபூக்கோ 1969இல் சொன்னது இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனா அதோட நின்னுட்டா பாதிதான் தெரியும். இந்த வகைபிரிப்புக்குள் இனமும் வேலை செய்கிறது. இலக்கிய அலமாரி, மலிவுப் பதிப்பு அலமாரி இரண்டிலும் ஒட்டப்பட்ட பெயர்களில் இத்தாலிய வாடை இல்லை.

வெளியேற்றப்பட்டது பிரதிக்குள் திரும்பி வருகிறது. அட்டையில் ஸ்காட்லாந்துச் சாயலில் ஒரு பெயர். உள்ளே முதன்மைத் துப்பறிவாளன் இத்தாலிய வம்சாவளி ஸ்டீவ் கரெல்லா. அவன் சகா மேயர் மேயர் ஒரு யூதன். அப்பா வேடிக்கையாகக் குடும்பப் பெயரையே முன்பெயராகவும் வைத்துவிட, தெருப் பையன்களிடம் வதைபட்டு வளர்ந்தவன். 1974இல் ஹண்டர் பெயரில் வந்த 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கோல்டு' நாவலில் பார்வையற்ற இத்தாலிய-அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞன் பெயரை மாற்றிக்கொண்டு முன்னேறுகிறான். பெயர் மாற்றியவனின் கதையையும் மாற்றிய பெயரில்தான் எழுத வேண்டியிருந்தது.

சரி, இவ்வளவு அனுதாபம் போதும். தனி மேதைத் துப்பறிவாளனை இறக்கிவிட்டு, சம்பளத்துக்கு உழைக்கும் ஒரு கூட்டத்தை நாயகனாக்கியது பெரிய உடைப்புத்தான். ஆனால் குடியேறிகளின் பிள்ளைகள் அமெரிக்கர்களாகும் இடம் இங்கே காவல் நிலையமாகிவிடுகிறது. இத்தாலியன், யூதன், கறுப்பரான ஆர்தர் பிரவுன் எல்லாரும் பேட்ஜுக்குப் பின்னால் சமம். நகரமும் மனிதர்களும் கற்பனை, காவல்துறை நடைமுறை மட்டும் நிஜம் என்று நாவல்களின் முகப்பிலேயே அறிவிப்பு வேறு. ஹாவிலண்டைப்போல அடிக்கிற போலீஸும் வருகிறான். அது தனியொருவனின் குணக்கேடாகவே கழிந்துவிடுகிறது. லாக்கப்பில் இருப்பவனுக்கு இந்த நிலையம் எப்படித் தெரியும் என்பது தொடரின் மையக் கேள்வியாகவே இல்லை. பெயரைப் பறித்த சமூகத்தோடு போடவேண்டிய சண்டை, அதன் காவலர்களோடு சமரசமாக முடிகிறது.

2001இல் 'கேண்டிலேண்ட்' நாவலின் முதல் பாதியை ஹண்டரும் மறுபாதியை மக்பெய்னும் எழுதியதாக இருவர் பெயரும் அட்டையில் வந்தன. 2005இல் அவர் இறந்தார். லொம்பினோ கடைசிவரை அட்டைக்கு வரவில்லை. துப்பறியும் நாவலைக் குப்பை என்று ஒதுக்குகிற நம் சிறுபத்திரிகை வழக்கமும் ஹண்டரையும் மக்பெய்னையும் பிரித்த அதே கோட்டைத்தான் போடுகிறது. அந்தக் கோட்டை யார் போட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்காமல் இலக்கியத் தரம் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.