ஒரே பூச்சில் ஓர் எலிவீரன்

கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கான 28 மில்லிமீட்டர் வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவோரின் மேசைக்கு 2019 ஜூன் மாதம் ஒரு புதுவகைப் பெயின்ட் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் தன் சிட்டாடல் வரிசையில் வெளியிட்ட அதற்குப் பெயர் கான்ட்ராஸ்ட். அடிநிறம், நிழல், வெளிச்சம் என்று மூன்று கட்டமாகச் செய்துவந்த வேலையைத் தடிப்பான ஒரே பூச்சில் முடிக்கலாம் என்பது நிறுவனம் கொடுத்த வாக்கு. அதே நிறுவனத்தின் காணொளிகளில் டங்கன் ரோட்ஸ் மெல்லிய பூச்சு இரண்டு போடச் சொல்லியே ஒரு தலைமுறையைப் பழக்கியிருந்தார். அவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டிய உருவத்தில் கான்ட்ராஸ்ட் எப்படி ஓடும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் ருசி கண்டவர்கள் யாரும் பெட்டியில் உள்ளபடியே ஒட்டி நிறுத்துவதில்லை. தலையை மாற்றுவார்கள், கையை வெட்டுவார்கள், புட்டியால் புது உடுப்பு செய்வார்கள். அப்படி மாற்றிய உருவத்தில்தான் இந்தப் பெயின்ட்டின் குணம் முழுதாக வெளிப்படுகிறது. ஆகவே இந்தச் சோதனையும் அங்கேதான்.

எடுத்துக்கொண்டது ஸ்கேவன் படையின் கிளான்ராட் வீரன் ஒருவனை. ஜெஸ் குட்வின் 1980களின் நடுவில் வடித்த இந்த எலிமனிதர்களிடம் ரோமம், கந்தல் துணி, துருவேறிய இரும்பு, மரக்கேடயம் எல்லாம் ஓர் உடம்பிலேயே இருக்கின்றன. ஈட்டி பிடித்த கை மணிக்கட்டோடு வெட்டப்பட்டு, வேறொரு பெட்டியின் ஸ்ப்ரூ சட்டத்தில் மிஞ்சிய கொடிக்கம்பக் கை அங்கே பொருத்தப்பட்டது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கைச் சேர்க்கும் சிமென்ட் இரு பக்கத்தையும் சற்றே உருக்கி ஒன்றாக்கிவிடும். என்றாலும் மணிக்கட்டுபோல ஒல்லியான இடத்துக்கு அது மட்டும் போதாது. விரலால் சுழற்றும் சின்னத் துளைக்கருவியால் இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, உள்ளே பித்தளைக் கம்பி செருகினால்தான் விளையாடும்போது முறியாது.

இடைவெளியை அடைக்கவும் முதுகில் ஒரு ரோமத்தோலைப் போர்த்தவும் கிரீன் ஸ்டஃப் பயன்பட்டது. நீலமும் மஞ்சளும் அருகருகே ஒட்டிய பட்டையாக விற்கும் எபாக்ஸி புட்டி இது. இரண்டு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு பொட்டலத்துக்குள்ளேயே கொஞ்சம் இறுகியிருக்கும். அந்தக் கோட்டை வெட்டி எறிந்த பிறகே பிசைய வேண்டும்; இல்லாவிட்டால் குருணை குருணையாக உள்ளே நிற்கும். மஞ்சள் கூடினால் புட்டி இளகி, பசைபோல ஒட்டும். நீலம் கூடினால் விறைப்பாகி, விளிம்பு கூர்மையாக நிற்கும். பிசைந்தபின் ஒரு மணி நேரமாவது சொன்னபடி கேட்கும். கருவியை அவ்வப்போது தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ரோமத்தை ஒரே திசையில் இழுக்காமல் சிறுசிறு கற்றைகளாகக் குறுக்கும் நெடுக்கும் கீறினால் நிஜத் தோல்போல வரும். மறுநாள் கெட்டியாகிவிடும், ஆனால் லேசான ரப்பர்த்தன்மை போகாது. அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இதில் சரிவராது. தேய்த்து வழவழப்பாக்க வேண்டிய தட்டைப் பரப்புக்கு மில்லிபுட் என்ற புட்டி ஏற்றது.

இனி பெயின்ட். மூடியைத் திறந்ததும் தெரிவது அதன் ஓட்டம். சாதாரண அக்ரிலிக் பெயின்ட் தொட்ட இடத்தில் உட்காரும், இது நகரும். ஒளி ஊடுருவும் அடர்த்தியான ஊடகத்தில் நிறமி கலந்திருப்பதால், மேடான இடத்திலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் மெல்லிய படலமாக நிற்பதால் அடியில் இருக்கும் வெளிர்நிறம் தெரிகிறது, பள்ளம் கருக்கிறது. அந்த வெளிர்நிறத்துக்காகவே ரெய்த்போன், கிரே சீர் என்ற இரண்டு அடிப்பூச்சு (பிரைமர்) ஸ்ப்ரேக்களும் கூடவே வந்தன. முன்னது எலும்பு நிறம், பின்னது குளிர்ந்த சாம்பல். சொரசொரப்பான மலிவுப் பிரைமரைவிட இவை வழவழப்பானவை. கறை பிடிக்காமல் பெயின்ட் வழுக்கி ஓட அந்த வழவழப்பு வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே அடித்தால் பரப்பு மணல் தூவினாற்போல் ஆகிவிடும், பிறகு எந்தக் கான்ட்ராஸ்டும் காப்பாற்றாது. அப்படிப்பட்ட நாளில் தூரிகையால் பூசும் பிரைமரே நம்பகமானது.

ரோமத்தில் கோர்-கிரன்டா ஃபர் என்ற செம்பழுப்பைப் பூசியபோது கிடைத்த பலன் அற்புதம். பிளாஸ்டிக் ரோமத்திலும் புட்டி ரோமத்திலும் ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கான இழைகள் தனித்தனியாக எழுந்து நின்றன. பழைய முறையில் டிரைபிரஷும் (காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தொடுவது) வாஷும் (பள்ளத்தில் தேங்கும் நீர்த்த பூச்சு) மாறிமாறிப் போட்டு அடைய வேண்டிய ஆழம் இது. கந்தல் துணிக்கு ஸ்நேக்பைட் லெதர், பற்களுக்கும் நகங்களுக்கும் ஸ்கெலிட்டன் ஹோர்ட், இடுப்புவாருக்கு பிளாக் டெம்ப்ளர்: எங்கெல்லாம் மடிப்பும் கீறலும் நெருக்கமாக இருக்கின்றனவோ அங்கெல்லாம் வாக்கு காப்பாற்றப்படுகிறது.

மணிக்கட்டில் கதை வேறு. பிளாஸ்டிக்கும் புட்டியும் சந்திக்கும் இடத்தில், பிரைமர் போட்ட பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி இருந்தது. நிறமி அந்தப் படியில் போய்ச் சேர்ந்து கருங்கோடாக நின்றது. புட்டியை அழுத்திய விரல் பதிந்திருந்தால் அந்த ரேகையையும் பெயின்ட் வரைந்து காட்டும். அச்சுக்கோட்டைச் சுரண்டாமல் விட்டால் அதற்கும் இதே கதி. தடித்த அடிநிறம் இத்தகைய சிறு குறைகளை மூடி மறைக்கும். கான்ட்ராஸ்ட் எதையும் மறைக்காது. உருவங்களை மாற்றி அமைப்போர் வாங்குமுன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது: பெயின்ட் மிச்சப்படுத்தும் நேரத்தில் ஒரு பகுதியைக் கத்தியின் முதுகாலும் சிலிகோன் முனைக் கருவியாலும் முன்கூட்டியே செலவழித்தாக வேண்டும். அப்படிச் செலவழித்தவர்களுக்கு, எது பெட்டியில் வந்தது, எது கையால் வடித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே உடம்பு கிடைக்கும். அந்தப் பேரத்தில் நட்டமில்லை.

தட்டைப் பரப்பு இதன் பலவீனம். கேடயத்தின் வழவழப்பான பகுதியில் பெயின்ட் திட்டுத்திட்டாகத் தேங்கி, ஓரத்தில் வளையம் கட்டி உலர்கிறது. சுத்தமான ஈரத் தூரிகையால் அதிகப்படியை உறிஞ்சி எடுக்க வேண்டும். உலரத் தொடங்கிய பிறகு தொட்டால் கிழிந்த தோலாகிவிடும். நிறத்தை இளக்கத் தண்ணீரைவிட, இதற்கென்றே விற்கும் கான்ட்ராஸ்ட் மீடியம்தான் மேல். நிறம் குறைந்தாலும் ஓட்டம் கெடுவதில்லை. பெரிய மேலங்கி, வாகனம், கவசத்தகடு என்றால் வழக்கமான அக்ரிலிக்குக்கே திரும்புவது புத்திசாலித்தனம். ஆனால் வெள்ளி நிற உலோகப் பெயின்ட்டின் மேல் இதைப் பூசினால் நிறமேறிய உலோகம் பிறக்கிறது. கொடிக்கம்பத்தின் பித்தளைப் பூண் அப்படித்தான் வந்தது.

ஒரு நுட்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருப்புப் பிரைமர் போட்டு, மேடுகளில் மட்டும் சாம்பலும் வெள்ளையும் டிரைபிரஷ் செய்து, அதன்மேல் கான்ட்ராஸ்ட் பூசுவதை ஸ்லாப்சாப் என்கிறார்கள். மாற்றிய உருவங்களுக்கு இது இரட்டிப்புப் பயன் தரும். புட்டி வேலையின் குறை டிரைபிரஷ் கட்டத்திலேயே கண்ணில் பட்டுவிடும், அப்போதே திருத்திக்கொள்ளலாம். நிறங்கள் சற்று அழுக்கேறி வரும். எலிவீரனுக்கு அது பொருத்தமே.

கான்ட்ராஸ்ட் குப்பி ஒன்றில் 18 மில்லிலிட்டர் இருக்கிறது, சிட்டாடலின் வழக்கமான அடிநிறக் குப்பியில் 12. விலையும் அதற்கேற்பக் கூடுதல். அகன்ற வாய், தூக்கித் திறக்கும் மூடி என்ற அமைப்பு இவ்வளவு ஓடும் பெயின்ட்டுக்குச் சரியான தேர்வல்ல. சொட்டு விடும் குப்பியில் ஊற்றி வைத்துக்கொள்வது நல்லது. போட்டிக்கு டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் ஸ்பீட்பெயின்ட்டும் ஸ்பெயினின் வயேஹோ எக்ஸ்பிரஸ் கலரும் வந்துவிட்டன. இரண்டுமே சொட்டுக் குப்பியில் வருபவை. ஸ்பீட்பெயின்ட்டின் முதல் பதிப்பு, உலர்ந்தபின் மேலே வேறு பூச்சு போட்டால் மீண்டும் கரைந்து கலந்தது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டது.

புதிதாகத் தொடங்குபவர் முழு வரிசையையும் வாங்க வேண்டியதில்லை. ஸ்நேக்பைட் லெதர், ஸ்கெலிட்டன் ஹோர்ட், பிளாக் டெம்ப்ளர், படைக்குரிய நிறம் ஒன்று, ஒரு மீடியம் போதும். கடைசியாக மேட் வார்னிஷ் கட்டாயம். விரல் படப்பட மேடுகளில் கான்ட்ராஸ்ட் தேய்ந்துபோகும். கையில் எடுத்து நகர்த்தி விளையாடும் வீரனின் தலையும் தோளும்தான் முதலில் வெளுக்கும்.