ஷரோன்: திறந்திருந்த கதவு

பாரிஸ் மெட்ரோவின் ஒன்பதாம் தடத்தில் ஷரோன் என்று ஒரு நிலத்தடி நிலையம். 1933 டிசம்பர் 10இல் திறக்கப்பட்டது. 1962 பிப்ரவரி 8 மாலை அதன் வாசல் படிக்கட்டில் ஆட்கள் நசுங்கியும் மண்டை உடைந்தும் செத்தார்கள். அன்றே எட்டுப் பேர். ஒன்பதாமவர் ஏப்ரலில், மருத்துவமனையில். எப்படிச் செத்தார்கள் என்பதற்கு ஊரில் ஒரு கதை புழங்கியது: நிலையத்தின் கதவு பூட்டியிருந்தது, உள்ளே போக வழியில்லை, நெரிசலில் மாட்டிக்கிட்டாங்க. போலீஸைத் திட்டி எழுதியவர்கள்கூட இதைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

அலன் தெவெர்ப் என்ற வரலாற்றாளர் 2006இல் ஷரோன் பற்றி ஏறக்குறைய 900 பக்கத்துக்கு ஒரு நூல் வெளியிட்டார். 'ஓர் அரசுப் படுகொலையின் வரலாற்று மானிடவியல்' என்பது அதன் துணைத்தலைப்பு. அந்த நூல் ஆவணங்களையும் சாட்சியங்களையும் அடுக்கி நிறுவுகிற விஷயங்களில் ஒன்று, கதவு திறந்துதான் இருந்தது என்பது.

இதுல என்ன பெரிய கண்டுபிடிப்பு இருக்குன்னு கேட்கலாம். பூட்டியிருந்தா என்ன, திறந்திருந்தா என்ன, செத்தவங்க செத்ததுதானே? இல்லை. கதவு பூட்டியிருந்தால் அது விபத்து. கட்டடக் கோளாறு, யாரோ ஒரு ஊழியரின் கவனக்குறைவு, கூட்டத்தின் பீதி என்று காரணம் தேடலாம். கதவு திறந்திருந்தால் மேலே நின்றவன் என்ன செய்தான் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

மேலே நடந்தது இது. அல்ஜீரியா பிரான்சின் பிடியிலிருந்து போய்விடக் கூடாதென்று ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய ராணுவ அமைப்பு பாரிஸில் குண்டு வைத்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 7 அன்று அமைச்சர் அந்த்ரே மல்ரோ குடியிருந்த வீட்டைக் குறிவைத்த குண்டில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தியின் கண் போனது. மறுநாள் கம்யூனிஸ்டுக் கட்சியும் தொழிற்சங்கங்களும் மாணவர் சங்கமும் கண்டன ஊர்வலத்துக்கு அழைத்தன. அவசரநிலையைக் காட்டி அரசு தடை போட்டது. தடையை மீறிக் கூடினார்கள். கலைந்துபோகச் சொல்லி அமைப்பாளர்களே அறிவித்த நேரத்தில் வோல்தேர் பெருவீதியில் போலீஸ் தடியோடு பாய்ந்தது. ஓடினவர்கள் மெட்ரோ படிக்கட்டில் இறங்கினார்கள், விழுந்தார்கள், ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்தார்கள். அந்தக் குவியல்மேல் தடி இறங்கியது. அதோடு விடவில்லை. மரத்தடியில் பதித்திருந்த கனமான இரும்புத் தட்டிகளையும் காப்பிக்கடை மேசைகளையும் தூக்கி அவர்கள்மேல் எறிந்தார்கள். செத்தவர்களில் தானியல் ஃபெரிக்கு வயது 15. மூன்று பேர் பெண்கள். அதில் ஒருவர் ஃபனி தெவெர்ப், நூலாசிரியரின் தாய்.

தாயைப் பறிகொடுத்த மகன் எழுதியதென்பதால் இதை ஒரு துயரப் பிரதியாக வாசிக்கத் தோன்றும். அப்படி வாசிக்கிறவருக்கு ஏமாற்றம்தான். தெவெர்ப் தடியை ஆராய்கிறார், உத்தரவின் மொழியை ஆராய்கிறார், போலீஸ்காரனின் அன்றாடப் பழக்கத்தை ஆராய்கிறார். கொல்லு என்று எழுத்தில் உத்தரவு வேண்டியதில்லை, அடிக்கலாம் என்ற அனுமதி நீண்டகாலமாகப் புழக்கத்தில் இருந்தாலே போதும் என்பது அந்த ஆய்விலிருந்து நமக்குத் தெளிவாகிறது.

அந்தப் பழக்கம் எங்கே கூர்தீட்டப்பட்டது? நாலு மாதத்துக்கு முன்னால், 1961 அக்டோபர் 17இல். அல்ஜீரியர்கள்மேல் காவல்துறைத் தலைவர் மொரிஸ் பப்போன் விதித்த இரவு ஊரடங்கை எதிர்த்து அவர்கள் குடும்பத்தோடு ஊர்வலம் வந்தார்கள். மெட்ரோ வாசல்களிலேயே மடக்கிப் பிடித்தார்கள். நகரப் பேருந்துகளில் ஏற்றி விளையாட்டரங்குகளில் அடைத்தார்கள். கைதானவர்கள் 11,000 பேருக்கு மேல். செய்ன் நதியில் பிணங்கள் மிதந்தன. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வரலாற்றாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. சில பத்துகளிலிருந்து இருநூறுக்கு மேல்வரை சொல்கிறார்கள்.

ஷரோன் பிணங்களை 1962 பிப்ரவரி 13 அன்று லட்சக்கணக்கானோர் திரண்டு பெர் லஷேஸ் இடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஒன்பது பேரும் தொழிற்சங்க உறுப்பினர்கள், எட்டுப் பேர் கட்சி உறுப்பினர்கள். பெயர் இருந்தது, தூக்க ஆள் இருந்தது. அக்டோபரின் பிணங்களுக்கு அப்படி ஓர் ஊர்வலத்தைப் பிரெஞ்சு இடதுசாரிகள் நடத்தவில்லை. சாவுகளுக்குள் போட்டி வைக்க இதைச் சொல்லவில்லை. அல்ஜீரியன்மேல் விழுந்தபோது யாரும் தடுக்காத தடிதான் பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரன் மண்டைமேலும் விழுந்தது. ஷரோனைத் தனியாக எடுத்து நினைவுச்சின்னமாக்கினால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது.

பிறகு நடந்ததும் தெரிந்த கதைதான். ஊர்வலக்காரர்கள்தான் கலவரம் செய்தார்கள் என்றார் உள்துறை அமைச்சர் ரொஜே ஃப்ரே. 1966இன் பொதுமன்னிப்புச் சட்டம் வழக்கை மூடியது. தடி பிடித்த ஒருவன்கூட அதற்காகத் தண்டனை பெறவில்லை. பப்போன் பின்னாளில் அமைச்சரானார். 1998இல் தண்டிக்கப்பட்டது நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களை நாடுகடத்த உடந்தையாக இருந்ததற்கு. ஷரோனுக்கும் அக்டோபருக்கும் அல்ல. 2007 பிப்ரவரி 8 அன்று நிலையத்துக்கு மேலேயுள்ள சந்திப்புக்கு '1962 பிப்ரவரி 8 சதுக்கம்' என்று பெயர் வைத்தார்கள். அதே மாதம் பப்போன் செத்தார்.

2021இல் குடியரசுத் தலைவர் மக்ரோன், அக்டோபர் 17இன் குற்றங்கள் பப்போனின் அதிகாரத்தின்கீழ் நடந்தவை, மன்னிக்க முடியாதவை என்றார். 2022இல் ஷரோனில் செத்தவர்களுக்கும் அஞ்சலி செலுத்தினார். நல்லதுதான். ஆனால் இந்தச் சொல்லாடலைக் கவனியுங்கள். முன்பு கதவு, இப்போது ஒரு கெட்ட மனிதன். பப்போனுக்கு மேலே ஃப்ரே இருந்தார், பிரதமர் தெப்ரே இருந்தார், தெ கோல் இருந்தார். பப்போனுக்குக் கீழே தட்டியைத் தூக்கி எறிந்த கைகள் இருந்தன. ஒற்றைப் பெயரைச் சொல்லி மேலேயும் கீழேயும் இருந்தவர்களை விட்டுவிடுகிறார்கள்.

நம் பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. 'அரசு எந்திரம்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எந்திரத்துக்குக் கை கிடையாது, முகம் கிடையாது, சம்பளப் பட்டியலும் கிடையாது. எல்லாம் அமைப்பின் குற்றம் என்று சொல்லிவிட்டால் அடித்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். 'அரசுப் படுகொலை' என்ற தெவெர்ப்பின் கருத்தாக்கத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. துணைத்தலைப்பை மட்டும் எடுத்து மேடையில் முழங்குகிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். நூல் அதிலிருந்து தப்புவதற்குக் காரணம் அதன் கோட்பாடு அல்ல. படிக்கட்டில் எந்த நிமிடம் யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று சலிக்காமல் கேட்கிற அதன் பிடிவாதம்.

நெரிசலில் இறந்தனர், நீரில் மூழ்கி இறந்தனர் என்று செய்தி வரும்போதெல்லாம் அந்த வாக்கியத்தில் எழுவாயாக வரவேண்டியவன் யார் என்று கேட்கப் பழகவேண்டும். ஷரோனில் அந்த ஒரு கேள்விக்கு விடை வர 44 வருடம் ஆயிற்று. அதற்குள் வழக்கும் இல்லை, குற்றவாளியும் இல்லை.