பத்து பேர்ச்சஸும் பங்களாவும்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். லயத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு குசினி: நாலு கம்பு, மேலே தகரம். தகரத்துக்கு ஆணி அடிக்கவில்லை. கருங்கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைத்திருந்தார்கள். காற்றுக்குப் பறக்காதா என்று கேட்டேன். "ஆணி அடிச்சா கட்டடம்னு வந்து நிப்பாங்க தம்பி. கல்லு வச்சா சும்மா மறைப்புதானே" என்றார் அந்த வீட்டு அம்மா. மேட்டில் பழைய துரை பங்களா சுற்றுலா விடுதியாகியிருந்தது. அதன் கூரையில் ஆணிக்குப் பஞ்சமில்லை.

தேயிலைக் காணியைக் காக்கும் விதிகளை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டாட அனுமதி வேண்டும் என்று 1958லேயே சட்டம் வந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1992இல் அவற்றை நிர்வகிக்கக் கம்பனிகள் வந்தபோதும் நிலம் விற்கப்படவில்லை. 2045 வரை நீளும் 53 ஆண்டுக் குத்தகைதான். போதாததற்குத் திறைசேரியின் கையில் 'பொற்பங்கு' ஒன்று இருக்கிறது. அதன் இசைவில்லாமல் கம்பனி ஒரு துண்டைக்கூடக் கீழ்க்குத்தகைக்கு விட முடியாது. இந்தப் பூட்டுகள் இல்லையென்றால் நுவரெலியா வீதியோரத் தேயிலை என்றைக்கோ மனை மனையாக விலைபோயிருக்கும்.

தேயிலை அல்லாதது வந்தாலே கேடு என்றும் சொல்ல முடியாது. கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1973இல் மூடப்பட்டு, 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகளே அறைகளாயின. அதற்காக மலையை வெட்டவில்லை, தூர் பிடுங்கவில்லை. நல்ல பொருத்தம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

கோளாறு வேறிடத்தில். நம் விதிகள் நிலத்தைப் பார்த்து "இது விவசாயமா?" என்று கேட்கின்றன. மண்ணுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. செங்குத்துச் சரிவில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டால் அது விவசாயம்; ஆட்சேபம் எழுவது குறைவு. ஆனால் நெருங்கி வளர்ந்த தேயிலை மண்ணை மூடிக் காக்கும். கிழங்கோ ஒவ்வொரு போகத்துக்கும் அதைக் கிளறச் சொல்லும். கான் சரியாக வெட்டாத மரக்கறித் தோட்டத்தில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு நின்று பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் ஓடுவதுதான் மேல்மண். அது போய்ச் சேருமிடம் நீர்த்தேக்கம். 1951லேயே மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றிய நாடு இது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கலிபோர்னியாவில் 1965இல் வந்த வில்லியம்சன் சட்டம், விளைநிலமாகவே வைத்திருக்க ஒப்பந்தம் செய்யும் உடைமையாளருக்கு வரியைக் குறைக்கிறது. அந்த நிலத்தில் வேறு எது பொருந்தும் என்பதற்கு அங்கே உள்ள உரைகல்: நிலத்தின் நெடுங்கால விளைதிறனை அது குலைக்குமா? அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது வேறொரு வரி. விவசாயத் தொழிலாளரின் குடியிருப்பு விளைநிலத்தோடு பொருந்தும் பயன்பாடு என்று அந்தச் சட்டமே அறிவித்துவிடுகிறது. நம் மலையிலோ அதே வீடு ஒவ்வொரு முறையும் விதிவிலக்காகத்தான் பிறக்கிறது. அரசு முதலில் 7 பேர்ச்சஸ் என்றது, பிறகு 10 என்றது. காணியை விடுவிக்கவும் எல்லை அளக்கவும் உறுதி எழுதவும் தனித்தனியாக நடக்க வேண்டும்.

எவ்வளவு நிலம் போய்விடும்? 750 ஏக்கர் தோட்டம், 500 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 10 பேர்ச்சஸ் என்றால் 5,000 பேர்ச்சஸ். ஏக்கருக்கு 160 என்று வகுத்தால் 31 ஏக்கர் சொச்சம். 4 வீதத்தைச் சற்றே தாண்டும். கேரளம் தோட்ட நிலத்தில் ஹோட்டல், பூந்தோட்டம், பால்பண்ணை போன்றவற்றுக்கு விட்டுவைத்தது 5 வீதம். மேற்கு வங்கம் தேயிலைச் சுற்றுலாவுக்கென்று 2019இல் 15 வீதம் வரை, 150 ஏக்கரைத் தாண்டாமல், அனுமதித்தது. விருந்தினருக்குக் கிடைக்கும் வீதம், கொழுந்து பறிக்கிறவளுக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

கம்பனிகள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு வந்தால் கான் வரிசை அறும், மலை மலையாகக் கொழுந்தெடுக்கும் சுற்றும் குழம்பும். சிக்கல் இன்னும் ஆழமானது: வீடு கட்டப் பாதுகாப்பான சமதரைதான் தேயிலைக்கும் நல்ல தரை. சரிவைத் தொழிலாளிக்குத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்த லயங்கள் காட்டின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை அதனால் அவசியம்தான். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் இவையெல்லாம் எந்த இடத்தில் கட்டுவது என்பதற்கான வாதங்கள். கட்டவே கூடாது என்பதற்கு அல்ல.

குத்தகையைப் புதுப்பிக்கும் பேச்சு எப்படியும் வரும். விடுதிக்கு எத்தனை வீதம், சூரிய மின்தகட்டுக்கு எத்தனை வீதம் என்று கம்பனிகள் கேட்கும், கேட்கட்டும். குடியிருப்புக்கான அந்த 4 வீதச் சொச்சம் சமதரையில் அளந்து, உறுதி எழுதி, கணக்கிலிருந்து முதலிலேயே கழிக்கப்பட்டிருந்தால் மிச்சத்தைப் பேசலாம்.