செய்திப் பந்தியின் வைப்புமுறை: நயினாதீவுச் சாசனம் காட்டும் நெறி

பந்தி என்னுஞ் சொல்லுக்கு வரிசை என்பது பொருள். விருந்திலே இலையிட்டு அமர்ந்தோர் வரிசையும் பந்தி. வசனத்திலே ஒரு பொருள்பற்றித் தொடர்ந்து நிற்கும் வாக்கியங்களின் வரிசையும் பந்தி. தமிழ்நாட்டார் பத்தி என வழங்குவதும் இதனையே. விருந்துப் பந்திக்கு ஒரு முறை உண்டு என்பதை யாவரும் அறிவர். வசனப் பந்திக்கும் அவ்வாறு ஒரு முறை உண்டென்பதை அறிந்து படிப்போர் சிலரே. ஒரு பந்தியைப் படித்து முடித்த மாணாக்கனை நோக்கி அதில் என்னென்ன சொல்லப்பட்டன என வினவினால், ஒன்று இரண்டு என எண்ணிக் காட்டுவான். அவை எம்முறையாற் கோக்கப்பட்டன என வினவினாலோ விடை கூறமாட்டாது மயங்குவான். செய்தியை அறிதல் வேறு; செய்தியின் வைப்பை அறிதல் வேறு. பின்னதை அறியாதார் முன்னதையும் பிழைபட அறிவர் என்பதே ஈண்டுக் காட்டப்படுவது.

பந்தி இலக்கணம் மேனாட்டார் வகுத்தது என்பது கல்லூரிகளிற் பரவிய கருத்து. அபடீன் பல்கலைக்கழகத்து அலெக்சாந்தர் பெயின் என்பார் 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரை நூலிலே பந்திக்கு விதிகள் கூறினார். பந்தியின் பொருள் தொடக்க வாக்கியத்திலே தோன்றவேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் முன்னதனோடு இயைய வேண்டும், பொருளுக்குப் புறம்பானவை விலக்கப்படவேண்டும் என்பன அவற்றுட் சில. பின்வந்த பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வழியே சென்றன. விதிகள் நல்லன, அவற்றைக் குறைகூறுதற்கு இடமில்லை. ஆனால் தமிழ் மாணாக்கன் அவற்றைப் புதுவதாகக் கற்கும்போது, தன் கையிலுள்ள நன்னூலின் பொதுப்பாயிரத்தை மறந்துவிடுகிறான் என்பதே குறை.

நன்னூலார் நூலுக்குரிய அழகு பத்தினுள் முறையின் வைப்பையும் ஒன்றாக எண்ணினார். குற்றம் பத்தினுள் மயங்க வைத்தலையும் மற்றொன்று விரித்தலையும் சேர்த்தார். உத்தி முப்பத்திரண்டு கூறுமிடத்து, நுதலிப்புகுதல், தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல், ஏதுவின் முடித்தல், ஒப்பின் முடித்தல், இறந்தது விலக்கல், எதிரது போற்றல் என்றின்னவற்றைப் பெயரிட்டுக் காட்டினார். சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காக்கினார். இவை சூத்திரத்தால் யாக்கப்படும் நூலை நோக்கி எழுந்தனவேயன்றி வசனப் பந்தியை நோக்கி எழுந்தனவல்ல என்பது உண்மை. ஆதலின் இவற்றை அவ்வாறே எடுத்து வசனத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. எனினும் பொருளை ஒழுங்குபடுத்தும் வழிகளுக்குத் தமிழிலே பெயர்கள் உள; அப்பெயர்கள் வசனத்தை அளப்பதற்கும் உதவுவன. இதனை நிறுவுதற்குத் தீவகத்திலேயே ஒரு சான்று கிடைக்கின்றது.

நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணி அம்மன் கோயிலிலே ஒரு சாசனக் கல் உண்டு. அது பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும். கார்த்திகேசு இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஏட்டில் இதனைப் பற்றி விரிவாக எழுதினார். ஆணையின் மொழி தமிழ். இறுதியில் வடமொழிப் பகுதி ஒன்றும் உண்டு. இன்று படிக்கக் கிடைக்கும் பகுதியின் பொருள் வருமாறு. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும். பல துறைகளிலுமுள்ளார் இத்துறையிலே வந்து கூடுதல் வேண்டும். யானையும் குதிரையும் அரசனுக்கு விருப்பமானவை; ஆதலின் அவற்றைக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால், செம்பாதி பண்டாரத்துக்கு, மற்றைப் பாதி உடையவனுக்கு. இவ்வியவஸ்தை சந்திரசூரியர் உள்ளவரை நடப்பதாக. இது கல்லிலும் செம்பிலும் வெட்டுவிக்கப்பட்டது. அதன்பின் ஆணையிட்ட அரசனின் பெயரும் புகழும் வருகின்றன. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

இதனை ஒரு செய்திப் பந்தியாகக் கொண்டு நோக்குக. மேலோட்டமாகப் படிப்பவன் இதிலே காண்பது விதிகளின் அடுக்கு: வருக, காக்க, கூடுக, கால் பங்கு, அரைப் பங்கு. அடுக்கு எனக் கொண்டால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் மாற்றி வைத்தாலும் கேடில்லை. ஆனால் இங்கே மாற்ற இயலாது. முதலிலே நோக்கம் நுதலப்படுகின்றது: பிறநாட்டார் வரவேண்டும் என்பதே அது. காவல் அந்நோக்கத்துக்குக் கருவி. பின்வரும் பங்கு விதிகள் காவல் என்னுஞ் சொல்லுக்கு விளக்கம். காவல் என்று தொகுத்துச் சுட்டியதனைக் கலம் உடைந்தவிடத்து என்ன நிகழும் என்று வகுத்துக் காட்டியவாறு இது. வகுத்த இரண்டனுள் முன்னதற்கு மாத்திரம் ஏது கூறப்பட்டது, பின்னதற்குக் கூறப்படவில்லை. முன்னதன் ஏதுவே பின்னதற்கும் விளக்கமாதலின் அது வேண்டப்படவில்லை. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியன என்னும் ஒரு தொடரை நீக்கிவிடின், கால் எங்கிருந்து வந்தது, அரை எங்கிருந்து வந்தது என்பது விளங்காது. எண் இரண்டும் தனித்தனி கிடக்கும். அத்தொடர் நிற்கவே இரண்டு எண்ணும் ஒரு கொள்கையின் இரு பக்கமாகின்றன.

இனி, இதே பொருளை வேறொரு முறையாற் கோத்த சாசனம் ஒன்றை ஒப்பிடுதல் பயனுடைத்து. ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறையிலே காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் வணிகர்க்கு அபய சாசனம் அளித்தான். முன்னை அரசர், புயலில் அகப்பட்டு உடைந்து கரைசேர்ந்த கலங்களின் பொருள் முழுவதையும் வலிந்து கவர்ந்தனர் என்று அது தொடங்குகின்றது. உயிரினும் பொருளைப் பெரிதென எண்ணிக் கடலிலே துணிந்து செல்வோர்மீது இரக்கங்கொண்டு, உரிய தீர்வையன்றி மற்றெல்லாவற்றையும் விட்டுவிடுவதாகப் பின்னர்க் கூறுகின்றது. இங்கே பந்தியின் முள்ளந்தண்டு முன்பு, இப்போது என்னும் மாறுபாடு. நன்னூலார் சொல்லால் உரைப்பின், இறந்தது விலக்கலும் எதிரது போற்றலும் ஆம். நயினாதீவுச் சாசனமோ முன்னை வழக்கைச் சொல்லவே இல்லை. சரக்கின் வகையால் வேறுபடுத்துகின்றது.

இவ்வேறுபாட்டை உணராதவன் இரு சாசனங்களையும் அருகருகே வைத்து, காகதீயன் இரக்கமுடையான், பராக்கிரமபாகு பாதி பறித்தான் என எளிதில் முடிபு கூறிவிடுவான். உடைந்த கலத்தின் பொருள் முழுவதும் அரசனுக்கென்னும் வழக்கு அக்காலக் கரைகளில் இருந்தமைக்கு மோட்டுப்பள்ளிச் சாசனமே சான்று. அதனை நினைந்து நோக்கின், பாதியை உடையவனுக்கு விட்டதும் சலுகையாகலாம் என்பது புலனாகும். ஒரு பந்தி சொல்லாது விட்டதனை மற்றொரு பந்தி சொல்லும். ஆனால் எது எதனைச் சொல்லாது விட்டது என்பதை வைப்புமுறை அறிந்தவனே காண்பான்.

பந்தியின் வைப்பைக் காட்டும் குறிகள் தமிழிலே எங்கே நிற்பன என்பதும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலே நிற்கும். தமிழிலே ஆதலால், எனினும், பின்னர் முதலிய சொற்கள் தலையில் வருதலுண்டு. ஆயினும் உண்மையான கட்டு வினையின் ஈற்றிலே கிடக்கின்றது. உடைந்தால் என்பதில் ஆல் நிபந்தனையைக் காட்டும். விருப்பமாதலின் என்பதில் இன் ஏதுவைக் காட்டும். வந்து தங்கி என்பதில் வினையெச்சம் காலமுறையைக் காட்டும். யானையும் குதிரையும் என்பதில் உம்மை எண்ணைக் காட்டும். ஆகவே பந்தியின் அமைப்பைத் தேடும் தமிழ் மாணாக்கன் வாக்கியத் தொடக்கத்தை மட்டும் நோக்கி அமைதல் சாலாது. எச்சங்களையும் உருபுகளையும் இடைச்சொற்களையும் நோக்குதல் வேண்டும். இலக்கணப் பாடமும் கட்டுரைப் பாடமும் வெவ்வேறு என்று கருதுவது இதனாலேயே தவறாகின்றது.

படித்தற்குரிய இந்நெறி எழுதுதற்கும் உரியது. நெடுந்தீவைப் பற்றி ஒரு பந்தி எழுதுக என்றால், மாணாக்கன் எழுதுவது பெரும்பாலும் இவ்வாறிருக்கும்: அங்கே குதிரைகள் திரிகின்றன, பெருக்கமரம் ஒன்று உண்டு, வேலிகள் கல்லால் ஆனவை, பழைய கோட்டை ஒன்று அழிந்து கிடக்கின்றது, பனை மிகுதி. ஒவ்வொன்றும் உண்மை, ஆயினும் பந்தி இல்லை. இவற்றையே ஏதுவின் வழியாகக் கோத்து நோக்குக. தீவின் நிலம் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் செறிந்தது. ஆதலின் கல்லுக்குக் குறைவில்லை. வேலியும் கோட்டையும் அக்கல்லாலேயே எழுந்தன. மண் ஆழமின்மையின் வயல் அரிது. பனையும் புல்வெளியும் பெரிது. புல்வெளி பரந்தமையின் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலே குதிரை வளர்த்தற்கு அத்தீவு ஏற்றதாயிற்று. இன்று திரியும் குதிரைகள் அவற்றின் வழிவந்தவை. இப்போது ஐந்து செய்திகளுள் நான்கு ஒரு வேரினின்று கிளைத்தன. பெருக்கமரம் இவ்வேரிலே சேராது. அதற்கு வேறு பந்தி வேண்டும். எதனைச் சேர்ப்பது என்பதோடு எதனை விடுப்பது என்பதனையும் வைப்புமுறையே கற்பிக்கின்றது.

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. முறைபடக் கோத்தல் உண்மையை விளக்குமாறு போலவே, முறைகேடாகக் கோத்தல் பொய்யை உண்டாக்கும். ஒவ்வொரு வாக்கியமும் மெய்யாயிருக்கவும் பந்தி பொய்யாகலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாசனம் குதிரை வரவைக் கூறுகின்றது. நெடுந்தீவிலே குதிரைகள் திரிகின்றன. இவ்விரு வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துவிடின், படிப்பவன் பின்னதனை முன்னதன் விளைவென்றே கொள்வான். இடையே பல நூற்றாண்டுகள் கிடப்பது மறைந்துபோம். அவ்வாறே, ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்னும் பெயர் யானைத்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரினின்று வந்தது. அப்பெயர் யானைகள் இத்துறையினின்று வெளியே ஏற்றப்பட்டதனைக் குறிப்பது. சாசனத்து யானைகளோ உள்ளே கொண்டுவரப்பட்டவை. யானை என்னும் ஒரு சொல் இரண்டிலும் வருதல் கொண்டு ஒரே பந்தியில் இணைப்பவன், எதிரெதிர்த் திசையிற் சென்ற இரு வாணிகங்களை ஒன்றாக்கி விடுகிறான். நன்னூலார் மயங்க வைத்தல் என்று குற்றங்கூறியது இதற்கும் பொருந்தும்.

யாழ்ப்பாணத்து வசன நூல்களையும் இவ்வளவுகோல் கொண்டு அளக்கலாம். ஒல்லாந்தர் காலத்திலே மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை காலமுறையாற் கோக்கப்பட்டது. புராணச் செய்தியும் அரசர் வரலாறும் ஒரே காலநூலிலே கோக்கப்பட்டமையின், இரண்டும் ஒரே தகுதியுடையன போலத் தோன்றுகின்றன. அந்நூலை ஆராய்வோர் முதலிற் செய்யவேண்டியது அக்கோவையை அவிழ்த்தலே. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் வெளிவந்தது. அது அகரவரிசையாற் சென்றது. தேடுவோனுக்கு அது பெரிதும் உதவும். ஆயின் எழுத்தொற்றுமையன்றிப் பொருளொற்றுமை அடுத்தடுத்த பெயர்களிடையே இல்லை. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், அதனையொட்டி அச்சேற்றிய பாலபாடங்களிலே, பொருளுக்கு இலக்கணங் கூறி, வகை பிரித்து, பயனோ கேடோ காட்டி முடிக்கும் முறையைக் கையாண்டார். நாவலர் ஆங்கிலமும் கற்றவர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். ஆதலின் அம்முறை முழுவதும் நன்னூலிலிருந்தே வந்ததெனச் சாதித்தல் வேண்டுவதில்லை. இரு மரபும் ஒரு கையிலே கூடின என்பதே தகும்.

பராக்கிரமபாகு தன் ஆணையை இத்துறையிலே தமிழிற் பொறித்தது, அதனைப் படிக்க வேண்டியோர் தமிழறிந்த வணிகராதலின் என்க. கலமிழந்து கரைசேர்ந்த வணிகனுக்கு அது இலக்கியமன்று. தனக்கு முக்காலா, பாதியா என்பதைத் தீர்க்கும் வாசகம். அவ்வாசகம் மயங்க வைக்கப்பட்டிருந்தால் அவன் இழப்பது பொருளின் நாலிலொன்று. இக்காலத்துப் படிப்போர்க்குக் கடலிலே மூழ்கும் சரக்கு இல்லை. ஆயினும் அரசாணையும் பத்திரிகைச் செய்தியும் பாடநூலும் நாள்தோறும் அவர் முன் வைக்கப்படுகின்றன. அவற்றிலே எது ஏது, எது விளைவு, எது வெறும் அடுக்கு எனப் பிரித்தறியாதார், பிறர் கோத்தவாறே நம்புவர். ஒரு வாக்கியம் மெய்யோ பொய்யோ என்று வினவுதல் கல்வியின் முதற்படி. அஃது ஏன் அவ்விடத்தே நிற்கின்றது என்று வினவுதல் அடுத்த படி.