புலம்பல் காதற்பாட்டான கதை

சுங்கை வேயில் அண்மையில் நடைபெற்ற ஒரு திருமண விருந்துக்கு நாம் சென்றிருந்தோம். மணமக்கள் மண்டபத்துள் நுழைந்தபொழுது ஒலிபெருக்கியில் ‘நறுமுகையே’ என்னும் சினிமாப் பாட்டு எழுந்தது. 1997ஆம் ஆண்டு வெளிவந்த ‘இருவர்’ படத்துக்காக வைரமுத்து எழுத, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பாட்டு அது. இனிய பாட்டு என்பதில் ஐயமில்லை. பந்தியில் நம் அருகிலிருந்த முதியவர், “பார்த்தீர்களா ஐயா, சங்கத் தமிழ் சினிமாவிலும் வாழ்கிறது!” என்றார். வாழ்கிறது, ஆனால் எவ்வாறு வாழ்கிறது என்பதே நமது கேள்வி.

அப்பாட்டு பழம்பாடல்கள் இரண்டின் சொற்களை எடுத்தாண்டிருக்கிறது. ஒன்று, செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40ஆம் பாடல். முன்பின் அறியாத இருவர் நெஞ்சம், செம்மண்ணில் பெய்த மழைநீர்போல் ஒன்றானதைக் கூறுவது. காதற்பாட்டின் சொல் காதற்பாட்டுக்கே வந்தது, பொருள் கெடவில்லை.

மற்றொன்று புறநானூற்றின் 112ஆம் பாடல், பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடிகள். மூவேந்தர் பறம்பை முற்றினர், பாரி மாண்டான். சென்ற மாதத்து நிலவில் தந்தை இருந்தார், மலையும் இருந்தது; இம்மாதத்து நிலவில் இரண்டும் இல்லை என்று அம்மகளிர் அழுகின்றனர். சினிமாப் பாட்டு முதல் நிலவை மட்டும் எடுத்துக்கொண்டது. பொய்கையில் நீராடியவளும் அவளைப் பார்த்தவனும் ஒருவரையொருவர் வினவும் இன்ப நினைவாக அதனை ஆக்கிற்று. இரண்டாம் நிலவு அங்கே இல்லை. அது மட்டுமா? பாட்டுத் தலைவி பாண்டி நாட்டானை எண்ணிப் பசலை கொள்கிறாள். பறம்பை முற்றிய மூவருள் ஒருவன் பாண்டியன் அல்லனோ! பாரி இறந்தபின் கபிலர் அம்மகளிரை இருங்கோவேளிடம் அழைத்துச் சென்று மணந்துகொள்ள வேண்டினார், அவன் மறுத்தான். மணம் மறுக்கப்பட்ட பெண்களின் புலம்பல் இன்று நம் மண மண்டபத்தில் முழங்குகிறது.

பழஞ்சொல்லைப் புலவன் எடுத்தாளக் கூடாதோ எனின், கூடும். 2010ஆம் ஆண்டு கோவைச் செம்மொழி மாநாட்டுப் பாட்டில் மு. கருணாநிதி, 972ஆம் குறளின் தொடக்கத்தையும் புறநானூறு 192இன் முதலடியையும் இணைத்தார். குறள் மேலே தொழிலால் வரும் வேற்றுமையைக் கூறுகிறது; புறப்பாட்டு ஆற்றுவெள்ளத்தில் செல்லும் புணையைக் காட்டி ஊழைக் கூறுகிறது. அவை விடப்பட்டன, பொருள் மாறிற்று. ஆயினும் பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்னும் அம்முழக்கம் மூலத்துக்குப் பகையன்று. பாரி மகளிர் பாட்டிலோ, எதற்காக அப்பாட்டுப் பிறந்ததோ அதுவே பறிபோயிற்று.

இதில் நமக்கென்ன என்று கேட்போர் தம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கட்டும். தோட்டத் துண்டாடலில் வேலையும் லயமும் இழந்து வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! அக்கொடுமையைத் தடுக்கவே 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பின்னரும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரங்கள் சாய்ந்த இடங்களில் வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. பறம்பு பாரியின் சொத்து. தோட்டமோ நமக்குப் பட்டா இல்லாத மண். எனினும் பிறந்த இடத்தை ஒரு மாத இடைவெளியில் இழப்பது இன்னதென்று சொல்ல, நமக்கென ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஐந்தடிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை நாம் சரச கீதமாக மட்டுமே அறிந்திருக்கிறோம்.

இவ்வளவையும் அம்முதியவரிடம் கூறினோம். அவர் சற்று நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்த ஐந்து வரியையும் எழுதித் தாருங்கள், ஐயா, பேத்திக்குக் கொடுக்க வேண்டும்” என்றார்.

சினிமாப் பாட்டை நிறுத்துக என்று நாம் கூறவில்லை. அதைக் கேட்கும் இளைஞர், அதன் அருகே மூலத்தையும் வைத்துப் படிப்பார்களாக. நம் படிப்பகங்களும் தமிழ்ப் பள்ளிகளும் அதற்கு வழி செய்யட்டும்.