பழைய நிரலில் கைவைக்கலாமா?

மூலநிரல் கிடைக்காத, எழுதியவரே கைவிட்ட ஒரு மென்பொருளை நம் தேவைக்கு மாற்ற வேண்டுமானால், அதன் எக்ஸி கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பைட்டுகளைத் திருத்துவதுதான் பல நேரங்களில் மிஞ்சும் வழி. இதைக் களவு வேலை என்று ஒதுக்குவோர் உண்டு. நாலு பைட் மாறினால் என்ன ஆகிவிடும் என்போரும் உண்டு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. திருத்தம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து அபாயத்தை அளக்க முடியாது. நிரலின் மற்றப் பகுதிகள் நம்பியிருக்கும் எதையாவது அது கலைக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

முதலில் சொற்கள். திரையில் தோன்றும் ஓர் ஆங்கிலச் சொல்லை அதே நீளமுள்ள வேறொன்றால் மாற்றினால் ஆபத்து மிகக் குறைவு. ஒரு பைட் கூடுதலாக நுழைத்தாலோ, பின்னால் உள்ளவை எல்லாம் இடம் நகரும். அவற்றின் முகவரிகளை நம்பிய நிரல் தடுமாறும். 'சேவ்' என்பதற்கு ஆங்கிலத்தில் 4 பைட் போதும். 'சேமி' என்பதற்கு யுடிஎஃப்-8 முறையில் 12 பைட் வேண்டும். ஆகவே பழைய நிரலைத் தமிழாக்க நினைப்பவருக்கு ஹெக்ஸ் எடிட்டர் உதவாது. மெனு, உரையாடல் பெட்டி போன்றவை விண்டோஸ் கோப்பில் தனிப் பகுதியாக இருந்தால், ரிசோர்ஸ் ஹேக்கர் போன்ற கருவி நீளக் கணக்கைத் தானே சரிசெய்துகொள்ளும்.

அடுத்து, ஒரே ஒரு பிட். 32 பிட் விண்டோஸ் நிரலுக்கு வழக்கமாக 2 ஜிபி முகவரி வெளிதான் கிடைக்கும். கோப்பின் தலைப்பில் ஒரு குறியை இயக்கினால் 64 பிட் விண்டோஸில் அது 4 ஜிபி ஆகும். பழைய விளையாட்டுகள் பல இதனால் பிழைத்தன. ஆனால் முகவரியின் மேல் பிட் எப்போதும் பூஜ்யம் என்று நம்பி எழுதிய நிரல், 2 ஜிபியைத் தாண்டியதும் தவறாகக் கணக்கிடும். அதுவும் உடனே தெரியாது. நினைவகம் நிறைந்த பிறகே தெரியும்.

டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய நிரல்களின் 'ரன்டைம் எரர் 200' இன்னும் தெளிவான பாடம். அம்மொழியின் சிஆர்டி யூனிட், 55 மில்லிவினாடியில் ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55 ஆல் வகுக்கும். 1990களின் பிற்பகுதியில் வந்த வேகமான பென்டியம் கணினிகளில் விடை 65,535 ஐத் தாண்டியது. 16 பிட்டில் அடங்காததால் நிரல் தொடங்கும்போதே நின்றது. அந்த இடத்தில் மட்டும் பைட்டுகளை மாற்றும் பேட்சுகள் வந்தன. முடங்கிய நிரல்கள் ஓடின. இது நியாயமான வெற்றி. ஆயினும் விடையை உச்ச எல்லையில் நிறுத்திவிடும் திருத்தத்தில், நிரல் கேட்கும் தாமதம் உரிய நேரத்துக்கு முன்பே முடியும். கணக்குப் போடும் நிரலுக்கு அது பொருட்டல்ல. தாமதத்தை நம்பி ஒரு கருவியை இயக்கும் நிரலுக்கு அது தோல்வி.

பைட் திருத்தத்தின் எல்லைகளுக்குப் பெரிய நிறுவனமும் விலக்கல்ல. 2000 ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஆபிஸ் இக்வேஷன் எடிட்டரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட, மைக்ரோசாஃப்ட் 2017 நவம்பரில் அதைத் திருத்தியது. பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்ட வெளி வல்லுநர்கள், செயற்கூறுகள் எல்லாம் அதே முகவரிகளில் இருப்பதைக் கண்டு, இது கையால் செய்த பைட் திருத்தம் என்ற முடிவுக்கு வந்தனர். வேலை நேர்த்தியானது. ஆனால் அதே நிரலில் வேறு ஓட்டைகளும் தென்பட, 2018 ஜனவரியில் நிறுவனம் அதை முழுவதுமாக நீக்கிவிட்டது. பைட் திருத்தம் அறிந்த ஒரு குறையைத்தான் தீர்க்கும். அறியாத குறைகளுக்கு அது மருந்தாகாது.

சட்டம் பற்றி ஒரு சொல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற பிரதியைச் சொந்த, வணிகமல்லாத பயன்பாட்டுக்காகத் தழுவிக்கொள்ள இடம் தருகிறது. திருத்திய கோப்பை ஊருக்கு விநியோகிக்க அது உரிமம் ஆகாது. திருத்தியதும் கோப்பின் டிஜிட்டல் கையொப்பமும் செல்லாமல் போவதால், வாங்குபவருக்கு அதை நம்ப எந்த ஆதாரமும் இராது.

என் தீர்ப்பு இது: இணையத்தோடு தொடர்பில்லாத பழைய நிரலை வாழவைக்க இது மதிக்கத்தக்க தொழில்நுட்பம், பாதுகாப்புக் குறையை மறைக்கும் வழியாக ஏற்கத்தக்கதல்ல. நீளம் மாறாதவரை சொற்களைத் தாராளமாக மாற்றுங்கள். குறிகளைச் சோதித்து மாற்றுங்கள். கட்டளைகளை, அவை என்ன செய்கின்றன என்று முழுவதும் புரிந்தால் மட்டும் மாற்றுங்கள். எதைத் தொடுமுன்னும் மூலக் கோப்பின் பிரதியைத் தனியே வைத்து, மாற்றிய ஒவ்வொரு பைட்டையும் அதன் இடத்தோடு எழுதி வையுங்கள்.